வெட்டிய அட்டைக்கு எட்டு மார்க்

ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கிறேன்.

ஒரே வருஷம் அச்சான, ஒரே வீரரோட படம் போட்ட ரெண்டு அட்டை. ரெண்டுமே அசல். போலி இல்லை. அதில் ஒன்று சில பத்தாயிரம் டாலருக்குக் கிடைக்கும். இன்னொன்று 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

வித்தியாசம் எங்கே இருக்கு?

நான்கு மூலையில். நான்கு ஓரத்தில். படத்தைச் சுற்றி இருக்கும் வெள்ளை பார்டர் ரெண்டு பக்கமும் சமமா இருக்கா என்பதில். அவ்வளவுதான்.

இரவு டூட்டியில் தூக்கம் வராத நேரத்தில் படிக்க ஆரம்பித்த விஷயம் இது. அமெரிக்காவின் பழைய விளையாட்டு அட்டைகள். நமக்கும் பேஸ்பாலுக்கும் சம்பந்தம் இல்லைதான். ஆனால் படிக்கப் படிக்க, இது விளையாட்டுக் கதை மாதிரியே தெரியவில்லை. பாதி தடயவியல், பாதி கேஸ் ஷீட் விவகாரம். அதனால்தான் ஒரு டாக்டரா எனக்கு இதை உங்களிடம் சொல்லணும்னு தோணுது. கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா வாங்க.

முதலில் இந்த அட்டைகள் எங்கிருந்து வந்தன?

சிகரெட் பாக்கெட்டிலிருந்து. மெல்லிய காகிதப் பாக்கெட்டில் சிகரெட் நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு கெட்டி அட்டை வைப்பார்கள். சும்மா வெறும் அட்டை எதுக்கு, அதில் ஒரு படம் போட்டால் ஆட்கள் அடுத்த பாக்கெட்டும் வாங்குவார்களே என்று கம்பெனிகளுக்கு யோசனை வந்தது. நடிகைகள், கொடிகள், பறவைகள், அப்புறம் பேஸ்பால் வீரர்கள். புகையிலைக் கம்பெனிகளின் மூளை எப்பவும் இப்படித்தான் வேலை செய்யும். அது வேற இழை, இன்னொரு நாள்.

1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி வெளியிட்ட வரிசை ஒன்று இருக்கிறது. மொத்தம் 524 அட்டைகள். ஒவ்வொன்றும் ஒன்றரை அங்குல அகலம்கூட இருக்காது. உயரம் இரண்டே முக்கால் அங்குலத்துக்குள். சேகரிப்பாளர்கள் இதை டி206 என்று சொல்வார்கள். ஏதோ கிருமியோட பெயர் மாதிரி இருக்கு இல்லையா? இந்தப் பெயரை வைத்தவர் பற்றிப் பிறகு சொல்றேன்.

இந்த வரிசையில் ஹோனஸ் வாக்னர் என்று ஒரு வீரர். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் நட்சத்திரம். 1936-ல் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமுக்கு முதன்முதலாகத் தேர்வான ஐந்து பேரில் ஒருவர். அவர் தன் படத்தைப் போடச் சம்மதிக்கவில்லை. அதனால் அவருடைய அட்டை அச்சில் இருந்து சீக்கிரமே நிறுத்தப்பட்டது. இன்றைக்கு மிஞ்சியிருப்பது அறுபது அட்டை போல.

ஏன் சம்மதிக்கவில்லை? சின்னப் பசங்க அட்டைக்காக சிகரெட் வாங்கக்கூடாது என்று நினைத்தார் என்பது எல்லோரும் விரும்பிச் சொல்லும் கதை. டாக்டரா எனக்கும் அதுதான் பிடித்த கதை. ஆனால் அவரே புகையிலை போடுகிறவர். தனக்குப் பணம் தரவில்லை என்பதுதான் கோபம் என்று இன்னொரு கட்சியும் உண்டு. ரெண்டில் எதை நம்பினாலும் அட்டை அபூர்வமானது என்பது மட்டும் உண்மை.

சரி, விஷயத்துக்கு வருவோம். அட்டையோட நிலைமை, அதாவது கண்டிஷன், எப்போதிலிருந்து இவ்வளவு முக்கியமானது?

ஆரம்பத்தில் யாருமே கவலைப்படவில்லை என்பதுதான் சுவாரசியம்.

சேகரிப்பு உலகத்தின் தந்தை என்று சொல்லப்படுகிறவர் ஜெஃபர்சன் பர்டிக். நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் மின்சாதனத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அட்டைகளுக்கு முறையான அட்டவணை எதுவும் இல்லாத காலத்தில், 1939-ல் முதல் கேட்டலாக்கைக் கொண்டு வந்தார். இருபதாம் நூற்றாண்டின் புகையிலை அட்டைகளுக்கு 'டி' என்ற எழுத்து, அப்புறம் ஒரு எண். டி206 என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

மனுஷனுக்குக் கடுமையான மூட்டுவாதம். விரல்கள் கோணிப்போய், வலியோடு வாழ்ந்தவர். தன் சேகரிப்பு முழுவதையும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துக்குக் கொடுத்தார். 3 லட்சத்துக்கும் மேற்பட்ட அச்சுப் பொருட்கள். அதில் 30 ஆயிரத்துக்கும் மேல் பேஸ்பால் அட்டைகள். கொடுத்ததோடு நிற்கவில்லை. அந்த விரல்களை வைத்துக்கொண்டு மியூசியத்தில் உட்கார்ந்து வருஷக்கணக்கில் அவற்றை ஆல்பங்களில் அடுக்கினார். 1963 ஜனவரியில் வேலை முடிந்தது. அதே வருஷம் மார்ச்சில் இறந்துபோனார்.

எப்படி அடுக்கினார் தெரியுமா? பசை தடவி ஒட்டினார்!

இன்றைய சேகரிப்பாளர் ஒருவரிடம் இதைச் சொன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். பின்பக்கம் பசை பட்ட அட்டைக்கு இன்றைக்கு மதிப்பெண் பாதாளத்துக்குப் போய்விடும். ஆனால் பர்டிக்குக்கு அது பெரிய விஷயமே இல்லை. அவருக்கு முக்கியம், எந்த அட்டை எந்த வரிசை, எல்லாம் முழுசா இருக்கா என்பது. ஒரு நூலகர் மாதிரி யோசித்தார். மூலை மழுங்கியிருக்கா என்று பார்க்கும் பழக்கம் பிறகு வந்தது.

எப்போது? காசு வந்தபோது. எழுபதுகளில் அட்டைக் கண்காட்சிகள் பெருகின. ஜேம்ஸ் பெக்கெட் என்ற புள்ளியியல் பேராசிரியர் எந்த அட்டை என்ன விலைக்குப் போகிறது என்று கணக்கெடுத்து, 1979-ல் விலைப் புத்தகமே போட்டார். ஒவ்வொரு அட்டைக்கும் ஒரே விலை அல்ல, நிலைமைக்கு ஏற்ப வெவ்வேறு விலை. அங்கிருந்துதான் சண்டை ஆரம்பம். விற்கிறவர் 'மின்ட்' என்பார். வாங்குகிறவர் 'வெரி குட்' என்பார். இதில் ஒரு வேடிக்கை, இந்த உலகத்தில் 'குட்' என்றால் நல்லா இல்லை என்று அர்த்தம்! மூலை எல்லாம் தேய்ந்து, மடிப்பு விழுந்த அட்டைதான் 'குட்'. ஐசியு வாசலில் நாங்கள் 'ஸ்டேபிள்' என்று சொல்வதை வீட்டுக்காரர்கள் 'சரியாயிடுச்சு' என்று புரிந்துகொள்வது போலத்தான்.

நிலைமை என்றால் என்னென்ன பார்க்கிறார்கள்? நாலு விஷயம்.

முதலில் மூலை. இதுதான் உயிர்நாடி. கூர்மையா இருக்கணும். ஒரு தடவை மேசையில் தட்டினால்கூட மூலையில் இருக்கும் காகித நார் லேசாகப் பிரிந்துவிடும். வெறும் கண்ணுக்குத் தெரியாது, லென்ஸ் வைத்தால் தெரியும். அடுத்தது ஓரம். வண்ணம் உதிர்ந்து வெள்ளை தெரியுதா, சிராய்ப்பு இருக்கா. மூன்றாவது மேற்பரப்பு. மடிப்பு, கீறல், மினுமினுப்பு போயிருப்பது, கறை. அந்தக் காலத்து பபிள்கம் அட்டைகளில் பின்பக்கம் கம் ஒட்டியிருந்த கறையும், மெழுகுக் காகிதத்தின் கறையும் ரொம்ப சகஜம். மடிப்பு ஒன்று விழுந்துவிட்டால் கதை முடிந்தது. காகித நார் உடைந்துவிடும். அதை எப்படி நீவினாலும், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

நாலாவதுதான் எனக்கு வேடிக்கையாக இருந்தது. சென்டரிங். படம் அட்டையின் நடுவில் இருக்கிறதா? இடது பார்டரும் வலது பார்டரும் சமமா? பத்துக்குப் பத்து வாங்க, முன்பக்கம் 60க்கு 40 என்ற விகிதத்தைத் தாண்டக்கூடாது என்பது நெடுநாள் விதியாக இருந்தது. இதில் அட்டையை வைத்திருந்தவரின் தப்பு எதுவுமே இல்லை. தொழிற்சாலையில் பெரிய தாளை வெட்டும்போதே தீர்மானமாகிவிட்ட விஷயம். பிறவிக் குறை மாதிரி. நூறு வருஷம் பஞ்சில் பொத்தி வைத்திருந்தாலும் சென்டரிங் கோணல் என்றால் கோணல்தான்.

இந்தப் பத்து மார்க் முறையைப் படித்ததும் எனக்கு ஆப்கார் ஸ்கோர்தான் ஞாபகம் வந்தது. குழந்தை பிறந்த ஒரு நிமிஷத்தில் நிறம், இதயத்துடிப்பு, மூச்சு, தசை இறுக்கம், தூண்டினால் வரும் எதிர்வினை பார்த்துப் பத்துக்கு எத்தனை என்று போடுவோமே, அதுதான். வர்ஜினியா ஆப்கார் என்ற மயக்கவியல் மருத்துவர் 1952-ல் உருவாக்கியது. முதல் நிமிஷத்தில் பத்துக்குப் பத்து வாங்கும் குழந்தை ரொம்ப அபூர்வம். கை கால் கொஞ்சம் நீலமா இருக்கும், ஒன்பதுதான் கிடைக்கும். ஒரே குழந்தைக்கு நான் எட்டு போடுவேன், பக்கத்தில் நிற்கும் சீனியர் ஒன்பது போடுவார். அட்டையிலும் அதே கதைதான். ஒரே அட்டையை இரண்டாம் முறை அனுப்பினால் வேற மார்க் வருவது உண்டு. அதற்காகவே பிளாஸ்டிக் உறையை உடைத்து மறுபடி மறுபடி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு வித்தியாசம். ஆப்காரில் எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் யாருக்கும் கோடி ரூபாய் போகாது.

அந்த 1952-லேயே வந்ததுதான் ஆரம்பத்தில் சொன்ன அட்டை. டாப்ஸ் என்ற பபிள்கம் கம்பெனி வெளியிட்ட வரிசையில் 311ஆம் எண், மிக்கி மேன்டில். இதில் கவனிக்க வேண்டியது, இது அவருடைய முதல் அட்டை கிடையாது. தன் வரிசையிலேயே அபூர்வமானதும் கிடையாது. அந்தத் தொகுதியில் இந்த அட்டையை ஒரு தாளுக்கு இரண்டாக அச்சடித்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் இன்று மதிப்பெண் பெற்று உறைக்குள் இருக்கின்றன. முக்கிய கிரேடிங் நிறுவனமான பிஎஸ்ஏவிடம் பத்துக்குப் பத்து வாங்கியவை மூன்றே மூன்று.

மற்றவை எல்லாம் என்ன ஆச்சு? பசங்க கையில் போச்சு. அவங்களுக்காகத்தானே அச்சடித்தது! ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினார்கள். கால்சட்டைப் பையில் திணித்தார்கள். சுவரில் குண்டூசி குத்தினார்கள். டபடபன்னு சத்தம் வரட்டும் என்று சைக்கிள் சக்கரக் கம்பியில் செருகினார்கள். வீரர் வேற டீமுக்குப் போனால் பேனாவால் டீம் பேரை அடித்து எழுதினார்கள். அந்த அட்டையை நிஜமாகவே நேசித்த குழந்தைகள் எல்லோரும் அதற்கு இரண்டு மார்க் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

அப்படியென்றால் பத்து வாங்கிய அட்டை எது? யார் கையிலும் போகாதது.

1952 வரிசையின் கடைசித் தொகுதி கடைக்கு வந்தபோது பேஸ்பால் சீசன் முடியப்போகிறது. பசங்க கால்பந்துக்கு மாறிவிட்டார்கள். சரக்கு விற்கவில்லை. பெட்டி பெட்டியாகக் கிடங்கில் தங்கிவிட்டது. அந்த அட்டைகளை வடிவமைத்த சை பெர்கரே, 1960-ல் இடம் அடைக்கிறதே என்று அவற்றைப் படகில் ஏற்றிக்கொண்டு போய் அட்லாண்டிக் கடலில் கொட்டினார். பிறகு வாழ்நாள் முழுக்க அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார், பாவம்.

ஒரு பெட்டி மட்டும் தப்பியிருந்தது. 1986-ல் ஆலன் ரோசன் என்ற வியாபாரிக்கு, மாசசூசெட்ஸில் ஒரு வீட்டிலிருந்து தகவல் வந்தது. போய்ப் பார்த்தால், யாரும் தொடாத 1952 அட்டைகள் ஆயிரக்கணக்கில். அதில் மேன்டில் மட்டுமே எழுபதுக்கும் மேல்! 1991-ல் ரோசன் அதில் ஒன்றை 50 ஆயிரம் டாலருக்கு விற்றார். அதே அட்டைதான் 2022-ல் 1 கோடியே 26 லட்சம். மதிப்பெண் பத்துக்கு ஒன்பதரை.

இப்போ தலைப்பில் சொன்ன விஷயத்துக்கு வரலாம்.

1985. நியூயார்க்குக்குப் பக்கத்தில் லாங் ஐலண்டின் ஹிக்ஸ்வில் என்ற ஊர். அங்கே ஒரு சின்ன அட்டைக் கடை. பில் மாஸ்ட்ரோ என்ற இளம் வியாபாரி ஒரு வாக்னர் அட்டையை 25 ஆயிரம் டாலர் கொடுத்து வாங்கினார். அந்தக் காலத்தில் அது பைத்தியக்காரத் தொகை. ரெண்டு வருஷத்தில் அதை 1 லட்சத்து 10 ஆயிரத்துக்கு விற்றார். அப்போது அந்த அட்டை பார்க்க அற்புதமாக இருந்தது. மற்ற வாக்னர்கள் எல்லாம் மடங்கி, மழுங்கி, கறைபட்டுக் கிடக்க, இது மட்டும் நேற்று அச்சடித்த மாதிரி. கத்தி போல மூலைகள்.

1991-ல் சோத்பிஸ் ஏலத்தில் ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய அணி உரிமையாளர் ப்ரூஸ் மெக்னாலும் சேர்ந்து 4 லட்சத்து 51 ஆயிரத்துக்கு வாங்கினார்கள். அன்றிலிருந்து அதற்குப் பேர் கிரெட்ஸ்கி வாக்னர்.

அதே 1991-ல்தான் பிஎஸ்ஏ ஆரம்பமானது. விற்கிறவரும் இல்லாமல் வாங்குகிறவரும் இல்லாமல், மூன்றாம் நபராக நின்று அட்டையைப் பரிசோதித்து, ஒன்று முதல் பத்து வரை மார்க் போட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் சீல் வைத்துத் தரும் நிறுவனம். நல்ல யோசனைதான். லேப் ரிப்போர்ட் மாதிரி. புது நிறுவனத்துக்கு ஒரு விளம்பரம் வேண்டும். உலகத்தின் மிகப் பிரபலமான அட்டையே முதலில் வந்து சேர்ந்தது. சான்றிதழ் எண்: ஒன்று. மதிப்பெண்: எட்டு. வேறு எந்த வாக்னரும் அதன் பக்கத்தில்கூட வர முடியவில்லை.

அப்புறம் விலை ஏறின வேகத்தைப் பாருங்க. வால்மார்ட் கடைகளில் நடந்த பரிசுப் போட்டிக்காக 5 லட்சத்துக்கு வாங்கப்பட்டது. ஃப்ளோரிடாவில் ஒரு தபால் ஊழியருக்குப் பரிசாக விழுந்தது. வரி கட்ட முடியாமல் அவர் அதை ஏலத்துக்குக் கொடுத்தார், 6 லட்சத்து 41 ஆயிரம். 2000-ல் 12 லட்சத்து 65 ஆயிரம். 2007-ல் 23 லட்சத்து 50 ஆயிரம், அதே வருஷக் கடைசிக்குள் 28 லட்சம்.

ஆனால் ஆரம்பத்திலிருந்தே முணுமுணுப்பு இருந்தது. எழுபது, எண்பது வருஷப் பழைய அட்டைக்கு இவ்வளவு கூர்மையான ஓரமா?

எம்பிபிஎஸ்ஸில் தடயவியல் மருத்துவம் படிக்கும்போது முதலில் சொல்லித்தருவது காயத்தின் ஓரத்தைப் பார் என்பதுதான். மழுங்கின பொருளால் அடிபட்டுக் கிழிந்திருந்தால் ஓரம் பிசிறாக இருக்கும். கத்தி பட்டிருந்தால் ஓரம் சுத்தமாக இருக்கும். ரொம்ப சுத்தமா இருந்தால் அங்கே ஒரு கத்தி வந்து போயிருக்கு என்று அர்த்தம். அட்டையிலும் அதேதான். நூறு வருஷக் காற்றும் வெளிச்சமும் பட்ட ஓரம் கொஞ்சம் பழுப்பாகவும் சொரசொரப்பாகவும் இருக்கும். புதிதாக வெட்டின ஓரம் வெளுப்பாக, வழவழப்பாக இருக்கும். மழுங்கின மூலையை ஒரு மில்லிமீட்டர் சீவினால் கூர்மையாகிவிடும், அளவு குறைந்துவிடும். அதனால் முதலில் ஸ்கேல் வைத்து அளப்பார்கள். அப்புறம் லென்ஸ்.

அதுக்கும் மேல் புற ஊதா விளக்கு. தோல் டாக்டர்கள் தேமல், படை பார்க்க இருட்டறையில் ஒரு நீல விளக்கு வைத்திருப்பார்களே, அதே தத்துவம். 1950 வாக்கில் காகிதத்தை வெள்ளையாகக் காட்ட ஒருவகை ரசாயனம் சேர்க்க ஆரம்பித்தார்கள். அந்த விளக்கில் அது பளிச்சென்று ஒளிரும். 1909-ஆம் வருஷ அட்டை என்று சொல்லி ஒன்று அப்படி ஒளிர்ந்தால், சோலி முடிஞ்சது.

இந்தப் பரிசோதனைகள் எதுவும் அந்த வாக்னரைத் தடுக்கவில்லை. ஏன் என்பதுதான் கதையின் வருத்தமான பகுதி. அதற்கு முதலில் மார்க் போட்டவர்களில் ஒருவர், ஓரம் வெட்டப்பட்டிருப்பது தெரிந்தேதான் மார்க் போட்டேன் என்று பல வருஷம் கழித்து ஒரு பத்திரிகையாளரிடம் ஒப்புக்கொண்டார். அப்படிப்பட்ட அட்டையை வெட்டுப்பட்டது என்று அறிவிக்க மனசு வரவில்லையாம்! பிஎஸ்ஏவின் சொந்த விதிப்படி, ஓரம் வெட்டிய அட்டைக்கு எண்ணே கிடையாது. எட்டும் இல்லை, ஒன்றும் இல்லை.

மாஸ்ட்ரோ பிற்பாடு பெரிய ஏல நிறுவனம் நடத்தினார். 2012-ல் அவர் மேல் மத்திய அரசு வழக்குப் போட்டது. முக்கியக் குற்றச்சாட்டு, ஏலத்தில் பொய்யாக விலை ஏற்றியது. 2013 அக்டோபரில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, கூடவே இன்னொன்றையும் ஒப்புக்கொண்டார். ஆமாம், அந்த வாக்னரின் பக்கவாட்டு ஓரங்களை நான்தான் வெட்டினேன். 2015-ல் 20 மாதம் சிறைத் தண்டனை.

இந்த இடத்தில் எனக்கு ஒரு பழைய அவமானம் ஞாபகம் வருது. சொல்லிடறேன்.

ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ ஒரு ராத்திரி, மருந்து கொடுத்த நேரத்தைக் கேஸ் ஷீட்டில் தப்பா எழுதிட்டேன். பெரிய தப்பு இல்லை. நோயாளிக்கு ஒண்ணும் ஆகலை. ஆனால் காலையில் ரவுண்ட்ஸில் சீஃப் பார்த்தால் திட்டுவாரே என்று ஒயிட்னர் போட்டு அழித்து, காய்ந்ததும் மேலே சரியான நேரத்தை அழகா எழுதி வச்சேன். பார்த்தா பக்கம் பளபளன்னு இருந்துச்சு.

சீஃப் அந்தத் தாளை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். ஒரு நிமிஷம் ஒண்ணும் பேசலை. அப்புறம் கேட்டார், "இதுக்கு அடியில என்ன இருந்துச்சுன்னு இப்ப நான் எப்படிப்பா தெரிஞ்சுக்கறது?" நான் விளக்கம் சொன்னேன். "சரி, நீ சொல்றதை நம்பறேன். இந்தப் பக்கத்துல மத்த வரியெல்லாம் அன்னிக்கே எழுதினதுதானா?"

எனக்குப் பதில் சொல்ல வாய் வரலை. எழுதினது தப்பென்றால் ஒரே ஒரு கோடு, கீழே இருப்பது படிக்கிற மாதிரி இருக்கணும், பக்கத்தில் கையெழுத்து, தேதி, நேரம். அன்னிக்குக் கத்துக்கிட்டது.

மாஸ்ட்ரோ ஒப்புக்கொண்ட பிறகு சேகரிப்பாளர்கள் கேட்டதும் சீஃப் கேட்ட அதே கேள்விதான். முதல் எண் சான்றிதழே இப்படி என்றால், மற்ற உறைகளுக்குள் என்ன இருக்கு? சும்மா கேட்கவில்லை, தேடவும் ஆரம்பித்தார்கள். 2019-ல் இணையத்தில் சில சேகரிப்பாளர்கள் பழைய ஏலப் படங்களையும் புதிய ஏலப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். அச்சில் விழுந்த சின்னப் புள்ளி, காகிதத்தில் ஒரு நார், இதெல்லாம் கைரேகை மாதிரி மாறாது. அதை வைத்துப் பார்த்தால், முன்பு மழுங்கின மூலையோடு விற்ற அதே அட்டை, கொஞ்ச நாள் கழித்துக் கூர்மையான மூலையோடு, உயர்ந்த மதிப்பெண்ணோடு, பல மடங்கு விலையில் நிற்கிறது. பழைய எக்ஸ்ரேயையும் புது எக்ஸ்ரேயையும் வெளிச்சப் பெட்டியில் சேர்த்து மாட்டிப் பார்ப்பது போலத்தான். இப்படி நூற்றுக்கணக்கில் கண்டுபிடித்தார்கள்.

அதனால் சேகரிப்பாளர்கள் எதை அதிகமாக மதிக்கிறார்கள் என்று கேட்டால், மூலை, ஓரம், பரப்பு, சென்டரிங் என்று வரிசையாகச் சொல்லலாம். அது பாடப்புத்தகப் பதில். நான் படித்தவரைக்கும், அவர்கள் காசு கொடுப்பது அட்டையின் அழகுக்கு இல்லை. இந்த அட்டையை இதுவரை யாரும் ஒன்றும் செய்யவில்லை என்ற நம்பிக்கைக்கு. சீவின மூலை பார்க்க அழகாகத்தான் இருக்கும். தானாகவே பிழைத்து வந்த மூலைக்குத்தான் கோடி. ரெண்டுக்கும் கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாமல் போகலாம், அதுதான் இந்தத் தொழிலின் நிரந்தரத் தலைவலி.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ரொம்ப அபூர்வமான அட்டைக்கு நிலைமை இரண்டாம்பட்சம். 2021-ல் பத்துக்கு மூன்று மார்க் மட்டுமே வாங்கிய ஒரு வாக்னர் 66 லட்சம் டாலருக்குப் போனது. 2022-ல் இரண்டு மார்க் வாக்னர் ஒன்று 72 லட்சத்து 50 ஆயிரத்துக்குக் கைமாறியது. அதே வருஷம், பாதி கிழிந்துபோன வாக்னர் ஒன்று, ஆமாம், பாதி அட்டைதான், நாலே முக்கால் லட்சத்துக்கு விற்றது. கிழிசலை யாரும் மறைக்கவில்லை. உள்ளதை உள்ளபடி காட்டி விற்றார்கள், வாங்கினார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுப் பரணில் பழைய அட்டைகள் ஏதாவது கண்ணில் பட்டால் தயவுசெய்து ஈரத்துணியால் துடைக்காதீங்க. மடிப்பு போகட்டும் என்று இஸ்திரி போடாதீங்க. ஓரத்தில் பிசிறு இருக்கே என்று கத்தரிக்கோலை எடுக்கவே எடுக்காதீங்க. கிழிந்திருந்தால் செலோடேப் ஒட்டாதீங்க. ரப்பர் பேண்டைக் கழட்டி, மென்மையான பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வைத்தால் போதும். ஏற்கனவே யாராவது டேப் ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம், காகிதத்தின் மேல் தோல் கையோடு வந்துவிடும். அப்படியே விட்டுவிட்டு, விற்கும்போது டேப் இருக்கு என்று சொல்லிவிடுங்க.

பர்டிக் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துக்குக் கொடுத்த சேகரிப்பில் ஒரு வாக்னரும் உண்டு. அதற்கு அவருடைய கேட்டலாக் காலத்து விலை 50 டாலர். மற்ற அட்டைகள் எல்லாம் சில சென்ட்டுக்குக் கிடைத்த நாட்கள் அவை. அவருக்கு அதன் அருமை தெரியும். தெரிந்தேதான் ஒட்டினார்.